தாய்மாமன் மாலை

“என் வலது கையை எனக்குத் திருப்பிக் கொடுங்க டீச்சர். இருபத்தி நாலாம் தேதிக்குள்ள வேணும்.”

மாசானமுத்து உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

செல்வக்கனி டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

“இல்ல,” என்றார்.

அவ்வளவுதான் பதில்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மூளையில் ரத்தம் கசிந்தபோது டீச்சருக்கு முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர். வலது பக்கமும் போயிற்று, பேச்சும் போயிற்று. இந்த ஆறு வருஷத்தில் ஐம்பது சொல் திரும்பி வந்திருந்தால் அதிகம். அந்த ஐம்பதை வைத்துக்கொண்டுதான் எங்களை மேய்க்கிறார்.

நாங்கள் ஒன்பது பேர். எல்லோரும் வாதம் அடித்தவர்கள். புதன்கிழமை காலையில் சுகாதார நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் கூடுவோம். ஆஸ்பத்திரியில் எங்களிடம், ‘இனி வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

கூட்டத்தில் ஒரே ஒரு வழக்கம். அடுத்த புதனுக்குள் யார் உதவியும் இல்லாமல் நான் செய்யப்போவது இது என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டீச்சர் அதை இடது கையால் கரும்பலகையில் எழுதுவார். அடுத்த வாரம், நடந்ததா என்று கேட்பார். நடந்திருந்தாலும் கைதட்டல் கிடையாது.

அந்த வாரம் நான் சொல்லியிருந்தது, தனியாகக் கடைக்குப் போய்ச் சீரகம் வாங்குவது. போனேன். வாய் குழறியது. பின்னால் நின்றவன் உச்சுக்கொட்டினான். கடைக்காரர் கொடுத்த வெந்தயத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, என் கதை எதற்கு?

மாசானமுத்து லாரிப் பட்டறையில் வெல்டராக இருந்தவர். ஐம்பத்தேழு வயது. விழுந்து பதினான்கு மாதம் ஆகிறது. இந்தக் கொட்டகையை விட்டால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியை விட்டால் வீடு. நல்லது கெட்டது எதற்கும் போவதில்லை. போனால் பந்தியில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் இடது கையால் சாப்பிட வேண்டும். பக்கத்து இலைக்காரன் பார்ப்பான்.

இப்போது அவருடைய தங்கை மகள் பூங்கோதைக்கு இருபத்தி நாலாம் தேதி கல்யாணம். எங்கள் பக்கத்தில் பெண் மணவறை ஏறுவதற்கு முன்னால் தாய்மாமன் மாலை போட வேண்டும். மூத்த தாய்மாமன் இவர்.

“நேத்து தங்கச்சி வந்தா,” என்றார் மாசானமுத்து. “‘அண்ணே, நீ முன்வரிசையில உக்காந்து ஆசீர்வாதம் பண்ணு, மாலையைத் தம்பி போட்டுருவான்’னு சொல்லுதா. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லல. காபி டம்ளரப் பாத்துச் சொல்லுதா.”

மாசானமுத்து இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“காது குத்துக்கு அந்தப் பிள்ளைய என் மடியில வச்சிருந்தேன் டீச்சர். அது கத்துன கத்துல எனக்கு அழுகை வந்துருச்சு. இப்ப நான் உக்காந்து பாக்கணுமாம்.”

சொல்லும்போதே அழுதுவிட்டார். வாதம் வந்தவர்களுக்கு அழுகை சட்டென்று வந்துவிடும். நாங்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

டீச்சர் சாக்பீஸை எடுத்தார்.

“மாலை,” என்றார். கொஞ்சம் தடுமாறி, “நீங்க,” என்றார்.

“எந்தக் கையால? இந்தக் கையாலயா?” மாசானமுத்து இடது கையைத் தூக்கிக் காட்டினார். “கழுவுற கையி டீச்சர் இது. கல்யாணப் பொண்ணு கழுத்துல இதால மாலை போட்டா ஊரே காறித் துப்பும்.”

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். மேஜை மேல் இருந்த டீ கிளாஸை இடது கையால் எடுத்து அவரிடம் நீட்டினார்.

எங்கள் ஊரில் பகைவனுக்குக்கூட யாரும் அப்படி நீட்ட மாட்டார்கள்.

மாசானமுத்து வாங்கவில்லை.

டீச்சர் நீட்டியபடியே இருந்தார். டீ தளும்பி விரலில் வழிந்தது. மாசானமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லா ஆறிப்போன பிறகு டீச்சரே அதைக் குடித்தார்.

குடித்துவிட்டு எழுந்து போய், கரும்பலகையில் அவர் பெயருக்கு நேரே ‘மாலை’ என்று எழுதினார்.

மாசானமுத்து சரி என்று சொல்லவில்லை. அழிக்கவும் சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. வீட்டில் அந்த மனிதர் செய்துகொண்டிருந்த கூத்து எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வலது மணிக்கட்டை இடது மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டச் சொல்லியிருக்கிறார். அவர் மனைவி பேச்சியம்மாள் கட்டியிருக்கிறாள். மேலே ஒரு துண்டைப் போட்டு மறைத்துவிட்டால் கட்டு தெரியாது. இடது கை தூக்கும்போது வலது கையும் கூடவே எழும்பும். பார்க்கிறவர்களுக்கு ரெண்டு கையாலும் போடுவது போல இருக்கும்.

ஒரு போர்வையை மாலை மாதிரி முறுக்கி, பதினைந்து நாள் பேச்சியம்மாள் கழுத்தில் போட்டுப் பழகியிருக்கிறார். ஒரு தடவைகூட நழுவவில்லையாம். தங்கைக்குப் போன் போட்டு, “மாலை நான்தான் போடுவேன், தம்பி சும்மா நின்னாப் போதும்” என்றும் சொல்லிவிட்டார்.

இருபத்தி நாலு ஞாயிற்றுக்கிழமை.

கல்யாணம் முடிந்த புதன்கிழமை மாசானமுத்து கொட்டகைக்கு வந்தார். சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தது. மூணு நாள் தாடி.

“விழுந்துருச்சு,” என்றார்.

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“தூக்கினேன். அவ தலைக்கு நேரா கொண்டு போயிட்டேன். அந்தச் சமயம் பாத்து வலது கை வெடுக்குன்னு உள்ள இழுத்துச்சு. பயந்தா இழுக்கும்லா? மாலை அவ கால்ல போய் விழுந்துச்சு. மூடியிருந்த துண்டும் விழுந்துச்சு. ரெண்டு கையையும் கட்டிப்போட்டு, போலீஸ்காரன் புடிச்ச கள்ளன் மாதிரி மேடையில நிக்கேன்.”

மூச்சு வாங்கியது அவருக்கு.

“நானூறு பேரு. அத்தனை பேரும் ஒண்ணா ‘ஐயோ’ன்னாங்க டீச்சர். அந்த ஐயோவ நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ‘பரவாயில்ல’ என்பது அவருடைய ஐம்பது சொல்லில் இருக்கிறது, என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறார். அதை இந்த மனிதரிடம் சொன்னால் என்ன குறைந்தா போய்விடும்?

“அன்னைக்கே முடிஞ்சிருக்கணும்,” என்றார் மாசானமுத்து. “பட்டறையில விழுந்தேன்லா, அப்படியே விட்டிருக்கலாம். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுனவன் மேலதான் இப்பக் கோவம் வருது. பேச்சிகிட்ட இதச் சொல்ல முடியுமா? அவ சோறு ஊட்டுதா, குளிப்பாட்டுதா. உங்ககிட்டதான் சொல்லுதேன். எனக்கு இருக்கப் பிடிக்கல.”

எங்களில் அதை நினைக்காதவர்கள் யாரும் கிடையாது.

டீச்சர் கையை நீட்டி அவர் முழங்காலில் வைத்தார். எடுக்கவில்லை.

“பெறகு?” என்றார்.

“பெறகு என்னத்த? கல்யாணம் நடந்துச்சு.”

“மாலை?”

“தம்பி வேற மாலையோட ஓடி வந்தான். ‘கிட்ட வராதல’ன்னு கத்திட்டேன். நல்ல காரியம் நடக்குற எடத்துல வெறி புடிச்ச மாதிரி கத்திட்டேன். பேச்சி வந்து கட்ட அவுத்தா. வேர்வையில முடிச்சு எறுகிட்டு, கையால வரல. பல்லால கடிச்சு அவுத்தா. தம்பி கையில இருந்து அந்த மாலையப் புடுங்கி, போட்டேன்.”

“ம்?”

“இடது கையாலதான் போட்டேன்! வேற என்ன கை இருக்கு எனக்கு? அதுவும் நேரா விழல. ஒரு பக்கம் காதுல மாட்டிக்கிட்டு தொங்குச்சு. ஊரு பூராம் பாத்துச்சு. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தெருவுல நடப்பேன்?”

டீச்சர் எதையோ தேடினார். ஒரு சொல் வேண்டும் என்றால் அவருக்கு நெற்றி சுருங்கும், உதடு முதலில் தப்பாகக் குவியும். நாங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. காத்திருந்தோம்.

“பொண்ணு?” என்றார்.

“பொண்ணுக்கு என்ன?”

“பொண்ணு... அப்ப?”

மாசானமுத்து விழித்தார். மேடையில் நடந்ததை மூன்று நாளாக அவர் ஆயிரம் தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார். அதில் நானூறு பேரும் இருந்தார்கள். அந்தப் பிள்ளையை மட்டும் அவர் பார்க்கவில்லை போலிருக்கிறது.

“மாலைக்குக் குனிஞ்சா,” என்றார் மெதுவாக. “விழுந்துச்சு.”

“ம்.”

“மேளம் நின்னு போச்சு. தங்கச்சி வாயப் பொத்திக்கிட்டு அழுதா. பேச்சி முடிச்சோட மல்லுக்கட்டுதா. தம்பி மாலையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு அவ முன்னாலயே வந்து நிக்கான். அவன் போட்டிருக்கலாம். அவ ஒரு தடவ அவன் பக்கம் திரும்பியிருந்தாப் போதும்.”

நிறுத்தினார்.

“திரும்பலையா?” என்று நான் கேட்டுவிட்டேன்.

மாசானமுத்துவுக்கு உதடு கோணியது.

“எனக்கு நேரா குனிஞ்சவ, அப்படியே நின்னா டீச்சர். நான் வந்து போடுற வரைக்கும் நிமிரவே இல்ல.”