காணாமல் போன பன்னிரண்டு ஓம்

சேந்தன்விளையில் மைக் செட் வாடகைக்கு விடும் சங்கிலிமுத்துவிடம் மூன்று பேர் வேலை பார்த்தார்கள்: மாசானம், ஒண்டிவீரன், புலமாடன். மூவரும் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் சங்கடமே.

அன்று பத்தரை மணிக்குக் கோயிலில் தளவாய் மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமன் ஆவுடையப்பனோ, அழைப்பிதழில் தன் பேரைக் கடைசியில் போட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு, முந்நூற்றிருபது தப்படி தள்ளி டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்.

"மைக்கில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும். அது இங்கே கேட்டால் வருகிறேன்" என்று சொல்லி அனுப்பினார்.

முதலாளி முதல்நாளே தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்: 'ஸ்பீக்கர் பெட்டி இரண்டு. ஒவ்வொன்றின் மின்தடையும் எட்டு ஓம். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் பதினாறு, சத்தம் சிறுக்கும். பக்கம் பக்கமாகப் போட்டால் நாலு, சத்தம் பெருக்கும். மீட்டரில் நாலு வரவேண்டும்.'

மூவரும் பெட்டிகளைப் பக்கம் பக்கமாக வைத்தார்கள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து முதல் பெட்டிக்கு ஒயர், அதிலிருந்து இரண்டாவது பெட்டிக்கு ஒயர், அங்கிருந்து திரும்ப ஆம்ப்ளிஃபயருக்கு. மீட்டர் பதினாறு காட்டியது.

"இன்னும் ஒட்டி வையிலே" என்றான் ஒண்டிவீரன்.

ஒட்டி வைத்தார்கள். பதினாறு. கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்கள். அப்போதும் பதினாறு.

மாசானம் மைக்கில் கூப்பிட்டுப் பார்த்தான். முன்னால் இருந்த நான்கு பேர் திரும்பினார்கள். டீக்கடையில் ஒருவரும் அசையவில்லை. மணி பத்து ஐந்து.

"ரெண்டாவது பெட்டிக்குக் கோவம்லே" என்றான் புலமாடன். "முதல் பெட்டி தின்ன மிச்சம்தான் அதுக்குப் போகுது. நமக்கு இப்படிப் பந்தி வச்சா நாம வாயத் திறப்பமா?"

"நியாயம்தாம்ல" என்றார்கள் மற்ற இருவரும்.

இரண்டு பெட்டிக்கும் ஆம்ப்ளிஃபயரிலிருந்தே தனித்தனியாகப் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் கொடுத்தார்கள். மீட்டர் நாலு காட்டியது.

"ஆவுடையப்பன் அண்ணாச்சீ!" என்றான் மாசானம். கோபுரத்துக் காக்கை எல்லாம் எழும்பின. டீக்கடையில் ஆவுடையப்பன் டம்ளரை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

ஒண்டிவீரன் மட்டும் மீட்டரை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"எட்டும் எட்டும் எத்தனைலே?"

"பதினாறு."

"இங்க நாலுதான் இருக்கு. மிச்சம் பன்னிரண்டு எங்க?"

முதலாளிக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டுமே என்று மூவரும் தேடத் தொடங்கினார்கள். ஜமுக்காளத்தை உதறினார்கள். மேளக்காரரை எழுப்பிவிட்டு அவர் உட்கார்ந்த இடத்தைத் தடவினார்கள். கடைசியில் மாசானம் மைக்கைப் பிடித்தான்.

"காதுகுத்து வீட்டில் பன்னிரண்டு ஓம் குறைகிறது. எடுத்தவர்கள் மரியாதையாகக் கொண்டுவந்து கொடுத்துவிடவும்!"

பாதி வழியில் ஆவுடையப்பன் நின்றார். "எம் மருமக விசேஷத்துல குறையா? அதை ஊரு பூராக் கேக்கச் சொல்லுதாகளா?"

நேரே பலசரக்குக் கடைக்குள் நுழைந்தார். "ஓம் பன்னிரண்டு குடுரா."

எதையும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத கடைக்காரன், "காலையிலயே தீர்ந்துபோச்சு அண்ணாச்சி. தேங்கா இருக்கு" என்றான்.

பத்து இருபத்தெட்டுக்கு ஆவுடையப்பன் தேங்காய்ச் சாக்கை மேடையில் இறக்கினார். "இந்தா, பன்னிரண்டு! இனி எவன் குறைன்னு சொல்லுதான்னு பாக்கேன்." சம்மணம் போட்டுக் குழந்தையை மடியில் வாங்கினார். சொன்ன நேரத்தில் காது இரண்டும் குத்தியாயிற்று. தளவாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இங்கே மூவரும் தேங்காயில் மீட்டரை வைத்தார்கள். முள் அசையவில்லை.

"ஓம் உள்ளுக்குள்ள இருக்கும். உடை" என்றான் மாசானம்.

ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார்கள். தண்ணீரும் பருப்பும்தான். பதினொன்று உடைத்தாயிற்று. பன்னிரண்டாவதைப் புலமாடன் ஓங்கியபோது ஒண்டிவீரன் பாய்ந்து அவன் கையைப் பிடித்தான்.

"உடைக்காதலே! பதினொண்ணுலயும் இல்லைன்னா, பன்னிரண்டும் இதுக்குள்ளதான் இருக்கு. சிந்திரும்."

அந்தத் தேங்காயை ஈரத்துண்டில் சுற்றி, வழியெல்லாம் குலுங்காமல் மூவருமாகச் சுமந்துபோய், முதலாளி கையில் ஒப்படைத்தார்கள்.