சூனியக்காரி நாடகம் பார்த்த ஊர்

உப்பளத்தை நம்பிப் பிழைக்கும் அந்த ஊரில் சுயம்புலிங்க வாத்தியாரின் நாடகக் குழுவை அறியாதவர்கள் கிடையாது. தங்கபுஷ்பம் அவருடைய மாணவி. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் நாடகத்தை விடாதவள்.

அந்த வருஷக் கோயில் கொடைக்கு வாத்தியார் பழைய காலத்துக் கதை ஒன்றைப் போட்டார். பாளையக்காரர்கள் ஆண்ட காலம். ஊரில் அம்மை பரவுகிறது. பிள்ளைகள் சாகின்றன. மருத்துவச்சி மருதாயிதான் சூனியம் வைத்தாள் என்று எவனோ சொல்கிறான். அவள் கையில் பிறந்தவர்களே அவளை இழுத்துப் போய் எரிக்கிறார்கள்.

மருதாயியாகத் தங்கபுஷ்பம் நடித்தாள். எரிக்கச் சொல்லும் பாளையக்காரராக ஞானதுரை.

நாடகம் முடிந்தபோது ஊரே அழுதது. மாவுமில் பொன்னுத்தாய் மேடைக்குப் பின்னால் வந்து தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"பாவிப் பயலுவ. பெத்த தாய் மாதிரி இருந்தவள எரிக்க எப்படி மனசு வந்துச்சோ."

அவள் போன பிறகு தங்கபுஷ்பம் வாத்தியாரிடம் கேட்டாள்.

"பாத்தீங்களா வாத்தியாரே? இனிமே இந்த ஊர்ல ஒருத்தர் மேல அபாண்டமாப் பழி போட முடியாது, இல்லையா?"

வாத்தியார் படுதாவை மடித்துக்கொண்டிருந்தார். 

மழைக்காலம் தொடங்குமுன் ஞானதுரையைப் போலீஸ் பிடித்துப் போனது. பக்கத்து ஆலையின் கழிவு உப்பளத்தில் கலக்கிறது என்று அவர் ஒரு கூட்டத்தில் பேசியிருந்தார். அந்நிய நாட்டுக் கைக்கூலி, தேசத் துரோகி என்று ஆளுங்கட்சிக்காரர்கள் சுவரெல்லாம் ஒட்டினார்கள்.

ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவர் ஞானதுரை. அவர் வீட்டில் டீ குடிக்காதவர்கள் குறைவு. ஆனாலும் ஊர் சுவரொட்டியை நம்பியது. நம்பாதவர்கள் நம்பியதுபோல் இருந்துகொண்டார்கள்.

பால்காரர் ஞானதுரையின் தெருவுக்குள் வருவதை நிறுத்தினார். பொதுக்குழாயில் ஞானதுரையின் மனைவி ரெஜினா வைத்த குடத்தை ஒருத்தி காலால் வரிசைக்கு வெளியே தள்ளினாள். மாவுமில் பொன்னுத்தாய்தான்.

தங்கபுஷ்பத்தையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள்.

"ஞானதுரை எப்படிப்பட்ட ஆளும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். மரியாதையாகத்தான் கேட்டார். "உங்க வீட்டுக்காரருக்கு அரசாங்க வேலைதானே?" என்றும் கேட்டார்.

"எனக்கு அவர அவ்வளவாப் பழக்கமில்ல சார்."

மேடையில் ஊர் நடுங்க அலறிய குரல் அது. ஸ்டேஷனில் அவள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

மறுநாள் காலை வாத்தியார் ரெஜினாவின் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போவதைக் கண்டாள். தள்ளியே பின்னால் போனாள்.

வரிசை தானாக விலகியது. ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குடம் பாதி நிறைந்தபோது ஒரு கை நீண்டு குழாயை மூடியது. யாருடைய கை என்று வாத்தியார் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாதிக் குடத்தோடு நடந்தார்.

குழாயடி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் தங்கபுஷ்பம் அவரை எட்டிப் பிடித்தாள்.

"வாத்தியாரே, மருதாயிக்கு அழுத சனம்தானே இது?"

"ஆமா."

"அப்போ அந்த அழுகை பொய்யா?"

"பொய்யில்ல. நெசமாத்தான் அழுதாங்க."

"பின்ன ஏன்?"

"மருதாயி செத்து எத்தனையோ காலமாச்சு. அவளுக்காக அழுதா யாரும் வந்து கதவத் தட்ட மாட்டாங்க."

கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"ஞானதுரை அண்ணனுக்கு இவங்க அழவே மாட்டாங்களா?"

"அழுவாங்க. அவனும் சாகட்டும், அவனப் பிடிச்சுட்டுப் போனவங்களும் சாகட்டும். அதுக்கப்புறம் எவனாவது நாடகம் போடுவான். அன்னைக்கு இந்த ஊரு முன்வரிசையில உக்காந்து அழும்."

அவருக்கு மூச்சு வாங்கியது. குடத்தைத் தரையில் இறக்கினார். ரெஜினாவின் வீடு தெருவின் கடைசியில் இருந்தது.

"தோளு வலிக்கு. ஒரு கை பிடி" என்றார்.

தங்கபுஷ்பம் தெருவைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். அவள் கை முந்தானையை விட்டு எழவில்லை.

வாத்தியார் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு தானே குனிந்து குடத்தை எடுத்துத் தோளில் ஏற்றிக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"வீட்டுக்குப் போ தாயி" என்றார். "பிள்ள தேடும்."