பந்திக்கு வராத சோறு

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மலையடிவார மடத்துச் செண்பகவடிவு அம்மாதான் எனக்குக் குரு. என்னைவிட எட்டு வயது இளையவர். என்னை அக்கா என்பார்.

எனக்கு ரத்த அளவு ஏழுக்கு இறங்கியிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். எட்டு மாதம் இரும்பு மாத்திரை விழுங்கியும் ஏறவில்லை. டாக்டர் புதிதாக ஒரு பரிசோதனை செய்துவிட்டுச் சொன்னார்:

"உங்களுக்குச் செம்புச்சத்து குறைவும்மா. தொற்றுக்குப் பயந்து நாலு வருஷமா ஜிங்க் மாத்திரையை அள்ளிப் போட்டிருக்கீங்க. அது செம்பை உள்ளே விடாது. செம்பு இல்லேன்னா இருக்கிற இரும்பும் பயன்படாது. முதல்ல ஜிங்கை நிறுத்துங்க. இன்னும் இறங்கினா ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. நேரே மடத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரத்தத்துக்கு இரும்புதானேம்மா வேணும்? இன்னும் ரெண்டு இரும்பு மாத்திரை கூட்டினா ஆகாதா? செம்பு என்னத்துக்கு?"

"இன்னிக்குப் பந்தியை நீங்க பாத்துக்கங்க அக்கா," என்றார் அம்மா.

நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று. சோறு வரவில்லை.

"யக்கா, இலையைத் தின்னுட்டுப் போகவா?" என்றார் ஒரு லாரி டிரைவர். பந்தியே சிரித்தது.

அடுப்படியில் நின்ற சமையல்காரரைப் பார்த்துக் கத்தினேன். "ஆவுடையப்பா, சோறு பத்தல! இன்னொரு அண்டா வை!"

"இன்னொண்ணா? வடிச்ச ரெண்டு அண்டாவும் அப்படியே கிடக்கு! எடுத்துட்டுப் போக ஆளை அனுப்புங்க!"

அந்த மடத்தில் பரிமாறுகிறவரைத் தவிர வேறு யாரும் அண்டாவிலிருந்து சோறு எடுக்கக் கூடாது. பரிமாறும் சுடலைமணியை மூச்சிரைக்கத் தேடினேன். கை கழுவி, துண்டை இடுப்பில் கட்டி, வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் குறுக்கே கையை நீட்டியபடி அம்மா.

"என்னைய விடமாட்டேங்காங்க," என்றார் சுடலைமணி.

"இன்னொரு அண்டா வைக்கலாமா அக்கா?" என்றார் அம்மா.

"வேண்டாம்மா. இவரை உள்ள விடுங்க, போதும்."

அம்மா கையை எடுத்தார்.

"டாக்டரும் அதைத்தானே சொன்னார்?"

சுடலைமணி வாளியோடு ஓடினார்.

டாக்டர் எழுதிய செம்பு மருந்தை அன்றே வாங்கினேன். ஆனாலும் ஜிங்கை விட்டால் ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் போகவில்லை. பயந்தால் என் கை என் பேச்சைக் கேட்காது. அதனால் மூன்று ஜிங்க் டப்பாக்களையும் அம்மாவிடமே கொடுத்துவிட்டேன்.