இரண்டாம் டிகாஷன்

வண்ணார்பேட்டையில் உள்ள ஒரு வீட்டுச் சாமான் கடையின் மூன்றாவது தட்டில் முன்பு மூன்று காப்பி மெஷின்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன.

முதலாவது ஜாடி மெஷின். வயிறு பெருத்தது. கண்ணாடி ஜாடி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டாவது கேப்சூல் மெஷின். கறுப்பு நிறம், ஒடுங்கிய இடுப்பு, தூசி பட்டால் கோபம் வரும். மூன்றாவது கைப்பிடி மெஷின். குட்டையான எஃகு உடம்பு. அதற்கு நீளமான கைப்பிடி ஒன்று உண்டு. கைப்பிடியின் தலையில் இருக்கும் சல்லடைக் கிண்ணத்தில் தூளை நிரப்பி, அமுக்கி, மெஷினின் வாயில் மாட்டித் திருப்ப வேண்டும்.

முதல் இரண்டும் அடிக்கடி விற்றுப்போகும். அவற்றின் இடத்தில் அதே முகத்தோடு புதிதாக ஒன்று வந்து உட்காரும். கைப்பிடி மெஷின் மட்டும் எட்டு மாதமாக அங்கேயே இருந்தது.

"வந்தவுககிட்ட வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா உன்னால?" என்று ஜாடி மெஷின் கேட்கும். "பொண்ணு பாக்க வந்தவுககிட்ட பொண்ணே தன் குறையைச் சொல்லுத மாதிரி எல்லாத்தையும் கொட்டுதியே."

"வீட்டுக்குப் போனப்புறம் தெரியப்போறதுதானே. இங்கேயே சொல்லிட்டா என்ன?"

"சொல்லு, சொல்லு. தீபாவளிக்கும் இங்கேதான் இருப்ப."

ஒரு சனிக்கிழமை மாலை காந்திமதி தன் கணவன் சங்கரலிங்கத்துடன் அந்தக் கடைக்கு வந்தாள்.

காந்திமதிக்கு நாற்பத்தொரு வயது. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வந்து காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுப்பவள் என்பதால் ஆறே கால் பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். அதற்குள் வீட்டில் மூன்று பேருக்குக் காப்பி கலக்க வேண்டும். மாமனார், சங்கரலிங்கம், அவன் தம்பி. ஃபில்டரில் இறங்கும் முதல் டிகாஷன் அந்த மூன்று தம்ளருக்கும் சரியாக இருக்கும். பிறகு அதே தூளின் மேல் இன்னொரு தடவை வெந்நீர் ஊற்றுவாள். வெளிறிப்போய் இறங்கும் அந்த இரண்டாம் டிகாஷன் அவளுக்கு. பாத்திரம் தேய்க்க வரும் பேச்சிக்கு மூன்றாம் தண்ணீர்.

இப்படி வை என்று அந்த வீட்டில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. அதனால் மாற்று என்று போய்க் கேட்கவும் ஆள் இல்லை.

போன மாதம் ஒருநாள், கலந்து வைத்த காப்பியைத் தொடாமல் கொழுந்தன் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டான். வீணாகிறதே என்று காந்திமதி அதை எடுத்துக் குடித்தாள். பதினேழு வருஷமாகத் தன் கையால் கலந்துகொண்டிருக்கும் காப்பியின் ருசி அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தம்ளரைக் கழுவப் போடாமல் சிறிது நேரம் நின்றாள். தினமும் இப்படி ஒரு தம்ளர் தனக்கு வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

மறுநாள் தூளைக் கூட்டிப் போட்டாள். டிகாஷன் கூடுதலாக இறங்கியது. அன்றைக்கென்று மாமனாரின் சிநேகிதர் வந்து சேர்ந்தார். அதற்கு அடுத்த நாள் சங்கரலிங்கம், "இன்னும் அரைத் தம்ளர் இருக்கா?" என்று கேட்டான். ஃபில்டர் எவ்வளவு இறக்கினாலும் அது அவள் வரைக்கும் வந்து சேரவில்லை. தம்ளர் தம்ளராகப் போடுகிற மெஷின்தான் இதற்கு வழி என்று அவளுக்குப் பட்டது. கேட்டதும் சங்கரலிங்கம் சரி என்றான். அவனுடைய மேலாளர் வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தான்.

"தொட்டுப் பாருங்கம்மா, ஒண்ணும் ஆகாது," என்று கடைக்காரர் தட்டைக் காட்டிவிட்டுப் போனார். சங்கரலிங்கம் டிவிகள் இருந்த பக்கம் நகர்ந்தான். அங்கே கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. காந்திமதி மெஷின்களுக்கு முன்னால் தனியாக நின்றாள்.

ஜாடி மெஷின் முந்திக்கொண்டது. "வாங்க தாயி! வீட்ல எத்தனை பேரு?"

"நாலு பேர்."

"எனக்குன்னே அமைஞ்ச குடும்பம்! ஒரே கொதி, நாலு தம்ளர். ஜாடி நிறைஞ்சிரும். ஊத்திக் குடுக்க வேண்டியதுதான்."

"முதல்ல இறங்குறதும் கடைசியில இறங்குறதும் ஒரே மாதிரி இருக்குமா?"

ஜாடி மெஷின் தொண்டையைச் செருமியது. "கடைசியில கொஞ்சம் தண்ணியாத்தான் வரும். அதனால என்ன தாயி? ஜாடிக்குள்ள எல்லாம் கலந்துட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"கலக்குறதுக்கு முன்னாடியே மூணு தம்ளருக்கு ஊத்திருவேன். எனக்கு என்னைத் தெரியும்," என்றாள் காந்திமதி.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய வலது கை ஜாடியின் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தது. "இதுவே நல்லாருக்கே," என்றது கை. "பழகின வேலை."

"நீ சும்மா இரு," என்று கையை அதட்டி அவள் ஜாடியைக் கீழே வைத்தாள்.

கேப்சூல் மெஷின் மெல்லிய குரலில் ஆரம்பித்தது. "நான் யார்கிட்டயும் வேலை வாங்குறதில்லை, மேடம். கேப்சூலைப் போடுங்க, பட்டனை அமுக்குங்க. ஒரு கேப்சூலுக்கு ஒரு காப்பி. யார் அமுக்கினாலும் ஒரே ருசி."

காந்திமதியின் முகம் மலர்ந்தது. "கேப்சூல் இங்க கடையில கிடைக்குமா?"

"ஆர்டர் போடணும். ஒரு வாரத்துல வந்துரும். சில சமயம் பத்து நாள் ஆகும்."

"அதுக்குள்ள தீர்ந்துட்டா?"

"இருக்கிறதை வச்சுச் சமாளிக்கணும், மேடம்."

"பெட்டியில கடைசியா மூணு கிடந்தா, அந்த மூணும் யாருக்குன்னு இப்பவே என்னால சொல்ல முடியும்."

"அது உங்க வீட்டுப் பிரச்சினை."

"வீட்டுக்குத்தானே வாங்க வந்திருக்கேன்," என்றாள் அவள்.

கேப்சூல் மெஷின் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கைப்பிடி மெஷின் இவ்வளவு நேரமும் பேசவில்லை.

"நீ ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?"

"சொன்னா எல்லாரும் போயிடுதாங்கம்மா."

"பரவாயில்லை. சொல்லு."

"சிக்கரி கலந்த தூள் எனக்கு ஆகாது. உப்பிப்போய் அடைச்சுக்கும். ஒவ்வொரு தம்ளருக்கும் தூளைப் போடணும், அமுக்கணும், மாட்டணும். நாலு பேருக்கு நாலு தடவை. நின்னுக்கிட்டேதான் செய்யணும். மணிக்கட்டு வலிக்கும். இன்னொண்ணு, ஒரு தடவை காப்பி இறக்கின தூள்ல ரெண்டாவது தடவை கேட்டா நான் தரமாட்டேன். செந்தண்ணிதான் வரும்."

"கேட்டீங்களா தாயி? எப்பவும் இதே பாட்டுதான்," என்றது ஜாடி மெஷின்.

காந்திமதி குனிந்து கைப்பிடி மெஷினைக் கிட்டத்தில் பார்த்தாள். "நாலாவதா போடுறது முதல் தம்ளர் மாதிரியே இருக்குமா?"

"புதுத் தூள் போட்டா இருக்கும்."

"நிச்சயமா?"

"நாலாவது தம்ளர் யாருக்குன்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தூள் மட்டும்தான் தெரியும்."

அதற்குள் சங்கரலிங்கம் திரும்பி வந்தான். வந்ததும் ஜாடி மெஷினைத் தட்டிக் கொடுத்தான். "இதை எடுத்துருவோமா? நாலு பேருக்கும் ஒரே தடவையில ஆயிரும்."

"இதுதான்," என்று காந்திமதி கைப்பிடி மெஷினைக் காட்டினாள்.

"காலையில ஒண்ணொண்ணாப் போட்டுக்கிட்டு நிப்பியாட்டி? உனக்கு நேரம் எங்க இருக்கு?"

"கால் மணி நேரம் முன்னாடி எந்திரிப்பேன்."

"அமுக்க வேற செய்யணுமே. கை வலிக்கும்."

"என் கைதானே."

அவள் இவ்வளவு உறுதியாகப் பேசி அவன் அதிகம் கேட்டதில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டான். அட்டைப்பெட்டிக்குள் இறங்கும்போது கைப்பிடி மெஷினின் காதில் ஜாடி மெஷின் சொன்னது: "ஒரே வாரம். திரும்பி வந்துருவ, பாரு."

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே காந்திமதி எழுந்துவிட்டாள். சிக்கரி இல்லாத தூள் வாங்கி வைத்திருந்தாள். பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு, கிண்ணத்தில் தூளை நிரப்பி அமுக்கி, மெஷினில் மாட்டினாள். மெஷின் உறுமியது.

"என்னம்மா, அடுக்களைக்குள்ள லாரி ஏதும் வந்துட்டா?" என்று கூடத்திலிருந்து மாமனார் கேட்டார். காப்பியைக் குடித்ததும் அவர் பேப்பரைக் கீழே வைத்தார். "சவத்துப்பய மெஷினு, நல்லாத்தாம்மா போடுது."

இரண்டாவது தம்ளர் சங்கரலிங்கத்துக்கு. மூன்றாவது கொழுந்தனுக்கு. இருவரும் குடித்துவிட்டுக் குளிக்கவும் ஷூவுக்குப் பாலிஷ் போடவும் போனார்கள்.

இப்போது நாலாவது தம்ளர். காந்திமதியின் வலது கை கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தது. உள்ளே தூள் வில்லை போல இறுகி, ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கை அதை அப்படியே மறுபடியும் மெஷினில் மாட்டியது.

"என்ன செய்யுத?" என்று கேட்டது மெஷின்.

"உன் சோலியைப் பாரு," என்றது கை. "இது அவளுக்கு."

"அவளுக்குன்னா?"

"பதினேழு வருஷமா இதுதான் முறை. தூள்ல இன்னும் சத்து கெடக்கு. வீணாக்கச் சொல்லுதியா?"

காந்திமதியின் கண் கடிகாரத்தில் இருந்தது. மனம் பஸ்ஸில் இருந்தது. பட்டனை அமுக்கினாள். சிவந்த தண்ணீர் சளசளவென்று ஓடி வந்தது. பாலை ஊற்றி, சர்க்கரை போட்டு ஆற்றி, ஒரு வாய் குடித்தாள்.

நேற்றைக்கும் முந்தாநாளைக்கும் குடித்த அதே காப்பி.

"நாலாவதும் முதல் தம்ளர் மாதிரியே இருக்கும்னு சொன்னியே!" என்று மெஷினிடம் பாய்ந்தாள். "ஏமாத்திட்டியே!"

"புதுத் தூள் போட்டாத்தான்னு சொன்னேன்மா," என்றது மெஷின்.

அவள் கைப்பிடியைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். மாமனார் கூடத்தில் இருந்தார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அடுக்களையில் அவளையும் அவள் கையையும் தவிர வேறு யாரும் இல்லை.

தம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"ஐயோ, பாலும் போச்சே!" என்று கை பதறியது.

"போகட்டும்."

"நேரமாச்சு. நாளையிலயிருந்து பாத்துக்கலாம். ஒரு நாளைக்கு இதைக் குடிச்சா செத்தா போயிருவோம்?"

"நாளைக்கும் இதையேதான் சொல்லுவ."

கூடத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "ஏம்மா, பஸ்ஸு போயிரப் போவுது!"

"அடுத்த பஸ்ஸுல போறேன், மாமா."

கைப்பிடியைக் கழற்றி, குப்பைக்கூடையின் விளிம்பில் ஓங்கித் தட்டினாள். பழைய தூள் உருண்டு விழுந்தது. புதுத் தூளைப் போட்டாள். கை தயங்கியது. "ஏற்கெனவே மூணு தடவை அமுக்கியாச்சு. மணிக்கட்டு விட்டுப்போகுது," என்றது.

"எனக்குந்தான் வலிக்குது. அமுக்கு."

கை அமுக்கியது. மெஷின் உறுமியது. கெட்டியான காப்பி தேன் மாதிரி மெல்ல இறங்கியது. காந்திமதி அரிசி டின்னின் மேல் உட்கார்ந்து அதை அவசரப்படாமல் குடித்தாள். வாசலில் ஆறே கால் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் எழுந்திருக்கவில்லை.

கடைசி மடக்கு இறங்கும்போது கொல்லைக் கதவு திறந்தது. பேச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"என்ன மயினி, இன்னும் போகலியா? அங்க ஊசிக்குப் பயந்துக்கிட்டு பத்துப் பேரு பட்டினியாக் கெடப்பாகளே!"

"ஆறரை பஸ்ஸுக்குப் போறேன். இரு, காப்பி தாரேன்."

வலது கை தானாகவே எழுந்து போனது. கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தது. சற்று முன் காந்திமதி குடித்த காப்பியின் தூள் உள்ளே சூடாக இருந்தது. அது வெளியே வந்துவிடாதபடி கை இன்னும் கொஞ்சம் இறுக்கித் திருப்பியது.

"இது போதும்," என்று கை மெதுவாகச் சொன்னது. "அவளுக்குப் பழக்கம்தான்."

காந்திமதியின் விரல் பட்டன் மேல் இருந்தது. பேச்சி கொல்லைப் படியில் உட்கார்ந்து கரிப்பிடித்த குக்கரைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். காப்பிக்காக அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். காந்திமதிக்கு அந்த முதுகு பழகிய முதுகாக இருந்தது. நேற்று வரை அடுக்களையில் அதே மாதிரி குனிந்து நின்றவள் அவள்தான். ஆனால் பேச்சியின் தம்ளரில் மாமனாரோ கணவனோ ஒருநாளும் கை வைத்ததில்லை. அந்த மூன்றாம் தண்ணீரை இத்தனை வருஷமும் ஊற்றியது காந்திமதிதான்.

அவள் விரலை எடுத்தாள்.

"ஆறரை பஸ்ஸும் போயிரும்," என்று கை எச்சரித்தது. "அப்புறம் ஆறே முக்கால்தான். உன் லேப் மேடம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க."

"வச்சுக்கட்டும்."

கைப்பிடியைக் கழற்றித் தட்டினாள். புதுத் தூளை நிரப்பினாள். இந்தத் தடவை கை எதிர்த்துப் பேசவில்லை. முழு பலத்தையும் கொடுத்து அமுக்கியது.

பேச்சி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தம்ளரை வாங்கினாள். குக்கரைப் பார்த்தபடியே ஒரு வாய் குடித்தாள். பிறகு நிறுத்தினாள். தம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். சட்டென்று எழுந்து அதைத் திருப்பி நீட்டினாள்.

"மயினி, தம்ளர் மாறிப்போச்சு. இது அண்ணாச்சிக்குக் கலந்தது போல இருக்கு. நான் வேற வாய வச்சுட்டேனே!"

காந்திமதி தம்ளரை வாங்கிக்கொள்ளவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"உனக்குப் போட்டதுதான், பேச்சி. உக்காந்து குடி. நீ குடிச்சு முடிச்சப்புறம் நான் போறேன்."