படியும் வீசையும் ஒன்றான நாடு

“ணங்!”

ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஒரு நாட்டில் இப்படி ஒரு சத்தம் கேட்டது. கேட்டவர்கள் பல்போன பிறகும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள். ராஜா துரும்பராயர் தம் பிறந்தநாளில் துலாபாரத் தட்டில் உட்கார, தட்டு தரையில் மோதிய சத்தம் அது. எதிர்த்தட்டில் பொன்னை ஏற்ற ஏற்ற, ராஜா எழும்பவே இல்லை.

ராஜாவுக்கு முகம் சிவந்தது. “இனி என் நாட்டில் தராசே கூடாது. எல்லாவற்றையும் படியால் முகந்து அளந்தால் போதும்” என்றார்.

தராசுகள் எல்லாம் குளத்துக்குப் போயின. கடைசித் தராசைக் குளத்தில் போடுமுன் மந்திரி மாறனார் அதில் ஒரு படி அரிசியை நிறுத்துப் பார்த்தார். சரியாக ஒரு வீசை எடை இருந்தது. “அவ்வளவுதானே! ஒரு வீசை என்றால் ஒரு படி” என்று பறையறைவித்துவிட்டார்.

அரண்மனைச் சமையல்காரி உமையாள் பதறினாள். “ஐயா, அது அரிசிக்குச் சரி. உப்புக்கு ஆகாது, பொரிக்கு ஆகாது.”

“சட்டத்துக்கு உப்பும் தெரியாது, பொரியும் தெரியாது” என்றார் மாறனார். அவள் பக்கத்தில் காவலுக்கு ஓர் ஆளையும் படியோடு நிறுத்தினார்.

அந்த வாரம் இளவரசிக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மூன்று நாள் விருந்து.

முதல் நாள் ஒரு வீசை உப்பு போட வேண்டிய இடத்தில் ஒரு படி உப்பு விழுந்தது. படி உப்பு ஒன்றரை வீசை கனக்கும். மாப்பிள்ளையின் அத்தை சாம்பாரை நக்கிவிட்டு, “பெண் பார்க்க வந்தோமா, கடலைக் குடிக்க வந்தோமா?” என்றாள்.

இரண்டாம் நாள் பொரி உருண்டை. நான்கு வீசை பொரி, நான்கு வீசை வெல்லம் என்பது உமையாளின் கணக்கு. நான்கு படி பொரியில் அரை வீசைகூடத் தேறாது. மீதியெல்லாம் வெல்லப்பாறை. மாப்பிள்ளை கடித்தான். “படக்” என்றது. உருண்டை உடையவில்லை.

“இது பொரி உருண்டையா, கவண்கல்லா?” என்று அத்தை எழுந்துவிட்டாள்.

ராஜா உமையாளை அழைத்தார். “நாளையும் கெடுத்தால் நாட்டைவிட்டே போய்விடு.”

முப்பது வருடமாக அந்த அடுப்படிதான் உமையாளுக்கு வீடு. அவள் அழவில்லை. “போகிறேன், மகாராஜா. அதற்கு முன் விருந்தினருக்கு ஒரு வேடிக்கை காட்ட அனுமதி வேண்டும்” என்றாள்.

மூன்றாம் நாள் காலை, கொலுமண்டபத்துப் படிக்கட்டின் கீழே இரண்டு மூட்டைகள் இருந்தன. இரண்டும் இருபது படி. சட்டப்படி இரண்டும் இருபது வீசை. ராஜா ஒன்றைத் தூக்க வேண்டும், மந்திரி ஒன்றை.

ராஜா தம் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கன்றுக்குட்டி மாதிரி துள்ளி ஏறினார். மாறனார் முதல் படியில் முனகினார், இரண்டாவதில் தள்ளாடினார், மூன்றாவதில் மூட்டையோடு உட்கார்ந்தார்.

“என்ன ஓய், இருபது வீசைக்கே இந்தப் பாடா?” என்று மேலிருந்து கேட்டார் ராஜா.

“மகாராஜா, சத்தியமாக இது இருபது வீசை இல்லை!”

“கேட்டீர்களா, மகாராஜா?” என்றாள் உமையாள். “சட்டம் போட்டவரே சொல்கிறார்.”

ராஜா தம் மூட்டையைப் பிரித்தார். பொரி பொலபொலவென்று படிக்கட்டெல்லாம் உருண்டது. மாறனாருடையதில் உப்பு.

ராஜா ஒரு பிடி பொரியை அள்ளிப் பார்த்தார். பிறகு, “தராசைத்தான் குளத்தில் போட்டேன். என் கனம் என்னோடுதான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாகத் தாமே சிரித்தார். அத்தையும் சிரித்தாள். மதியத்துக்குள் தராசு குளத்திலிருந்து வந்தது. அன்றைய பாயசத்தை அத்தை மூன்று முறை கேட்டு வாங்கிக் குடித்தாள். உமையாள் அந்த அடுப்படியிலேயே இருந்தாள்.

தனக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்கிறதென்று தராசைத் தூக்கி எறிகிறவன், தன் சோற்றில் தானே உப்பை அள்ளிக் கொட்டிக்கொள்கிறான்.

மாப்பிள்ளை இளவரசியைக் கட்டிக்கொண்டான்; பொரி உருண்டையில் போன அந்த முன்பல் மட்டும் கடைசிவரை முளைக்கவில்லை.