மொட்டைக் கம்பி

அஸ்திவாரக் குழியில் கம்பிகள் மொட்டையாக நிமிர்ந்து நின்றன. முந்தின நாள்தான் அது குத்தி எங்களில் ஒருவனுக்குத் தொடை கிழிந்தது. கம்பி கட்டப் பழக வந்த மாடத்தி, முனைகளுக்கு மூடி கேட்டாள்.

"கம்பிக்குத் தொப்பியா? பயமிருந்தா வேலையை விட்டுப் போ!" என்றார் காண்ட்ராக்டர் சிதம்பரநாதன்.

அவள் குனிந்து அடுத்த கம்பியைக் கட்டினாள். பூஜைக்குள் முடிக்க வேண்டுமென்று இரண்டு நாளாக எங்களில் யாருக்கும் ஓய்வில்லை.

மறுநாள் பூஜை. முதல் சட்டி கான்கிரீட்டைக் காண்ட்ராக்டர்தான் குழி நடுவில் கொட்டுவார். அவர் வைத்த வழக்கம். நாங்கள் தினமும் நடக்கிற ஒற்றைப் பலகையைக் கம்பிகளுக்கு மேலே போட்டு, சட்டியை அவர் கையில் கொடுத்தாள் மாடத்தி.

வீடு கட்டச் சொன்ன முதலாளி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் காண்ட்ராக்டர் குனிந்து பார்த்தார். அடுத்த அடி வைக்காமல் நின்றுவிட்டார்.

"மூடி எங்கேம்மா?"

"பயமாங்கய்யா? அப்ப வேலையை விட்டுப் போயிடுறீங்களா?"

ஒரு மணி நேரத்தில் மூடி வந்தது. அதுவரை நிழலில் படுத்திருந்தோம். மூன்று நாளில் அன்றைக்குத்தான் முதுகு தரையில் பட்டது.