சின்ன மரத்தின் ஆசனம்

இலங்கைத் தீவின் களப்புக்கரை ஒன்றில் மீனவர் சங்கத் தலைவராய் வீற்றிருந்தார் விமலரத்ன முதலாளி. "சிங்களக் குடும்பம் தொண்ணூறு, தமிழ்க் குடும்பம் பத்து. உங்களுக்குச் சங்கச் சபையில் ஆசனம் எதற்கு?" என்று தமிழ் மீனவன் இன்னாசித்தம்பியிடம் கூறிவிட்டு, அக்கரையில் நடக்கும் பாராட்டு விழாவில் மாலை ஏற்க, பெரிய மரத்தைக் குடைந்து செய்த அவனுடைய வள்ளத்திலேயே கம்பீரமாக ஏறினார்.

வள்ளம் சாயாதபடி பக்கத்தில் பிணைத்திருந்த சின்ன மிதவை மரத்தின் கயிறுகளை இன்னாசித்தம்பி அவிழ்க்கலானான்.

"அடேய், கவிழ்ந்துவிடுவேனடா!"

"பெரிய மரம் இருக்கிறதே, ஐயா. இந்தச் சின்ன மரத்துக்கு இடம் எதற்கு?"

கரையில் நின்ற இரு இனத்தாரும் வயிறு குலுங்கச் சிரித்தனர். வள்ளம் சாய்ந்தது.

"கட்டடா! ஆசனம் தந்தேன், சம வாக்கோடு தந்தேன்!"

செயலாளர் சங்கக் குறிப்பேட்டைத் தலைமேல் ஏந்தி நீரில் இறங்கி வந்தார். இன்னாசித்தம்பி முன்பக்கக் கயிற்றை உடனே இறுக்கினான். பின்பக்கக் கயிற்றையோ, முதலாளியின் கையெழுத்து குறிப்பேட்டில் விழுந்த பிறகே இறுக்கினான்.